நடுவருக்குப் பொட்டு கிடையாது

‘மனிதநேயம் வளர்கிறதா, தேய்கிறதா?’ என்ற தலைப்புக்கு நான் முப்பத்தோரு முறை தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். பதினாறு முறை வளர்கிறது, பதினைந்து முறை தேய்கிறது. எது எப்போது என்பது பேச்சாளர்களின் வாதத்தைப் பொறுத்தது என்று நீங்கள் நினைத்தால், பட்டிமன்றம் என்பதையே நீங்கள் பார்த்ததில்லை. கோயில் திருவிழா என்றால் வளரும். கல்லூரி ஆண்டு விழா என்றால் தேயும். பொங்கல் சிறப்பு நிகழ்ச்சி என்றால் ஒரு மணி நேரம் தேய்ந்துவிட்டுக் கடைசி ஐந்து நிமிடத்தில் வளர்ந்தாக வேண்டும். இல்லாவிட்டால் விளம்பரம் கொடுத்தவர்களின் முகம் சுண்டிப்போகும்.

முப்பத்திரண்டாவது தீர்ப்பை 2071 மார்கழியில் எங்கள் ஊரான கரிசல்நத்தத்தில் சொன்னேன். அதோடு மேடை ஏறுவதை விட்டுவிட்டேன். ஏன் என்று கேட்பவர்களிடம் முழங்கால் வலி என்கிறேன். முழங்காலும் வலிக்கத்தான் செய்கிறது.

என் பெயர் அங்கயற்கண்ணி. மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் இருபத்தெட்டு ஆண்டுகள் தமிழ் நடத்தினேன். ஓய்வு பெற்றதும் சொந்த ஊருக்கு வந்துவிட்டேன். வயது அறுபத்தாறு. என்னைப் பற்றி இதற்கு மேல் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அது பின்னால் வரும்.

நவம்பர் கடைசியில் வட்டாட்சியர் வீட்டுக்கு வந்தார். காபி கொடுத்தேன். குடித்து முடிக்கும்வரை என் பட்டிமன்றங்களைப் புகழ்ந்தார். அரசாங்கத்தில் இருப்பவர் புகழ்ந்தால் ஏதோ வேலை வைக்கப்போகிறார் என்று அர்த்தம்.

“வெள்ளாங்கரை ஆளுக விஷயமாத்தாம்மா வந்தேன்” என்றார்.

வெள்ளாங்கரை ஒரு மீனவர் ஊர். ஆறு ஆண்டுகளுக்கு முன் அதைக் கடல் எடுத்துக்கொண்டது. ஒரே நாளில் அல்ல. முதலில் கல்லறைத் தோட்டம் போனது, அப்புறம் பள்ளிக்கூடம், கடைசியில் மாதா கோயில். மிஞ்சிய நூற்று நாற்பது குடும்பங்களைக் கொண்டுவந்து, எங்கள் ஊர் எல்லையில் மூடிக்கிடந்த நூற்பாலையில் தற்காலிகமாகத் தங்க வைத்தார்கள். தற்காலிகம் என்ற சொல்லுக்கு அரசாங்க அகராதியில் என்ன பொருள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

“புதுச் சட்டப்படி ஊர்க்காரங்க மனசு ஒத்துக்கிடாம வந்தவங்கள வார்டுல சேக்க முடியாதும்மா. ஓட்டு வச்சுப் பார்த்தா வாயில ஒண்ணு சொல்றாக, பெட்டியில ஒண்ணு போடுறாக. அதனால இப்ப மானி வந்திருக்கு. காதுக்குப் பின்னால ஒட்டுவாங்க. மனசு நகர்ந்துச்சா இல்லையான்னு சொல்லிரும்.”

“எத்தனை பேருக்கு நகரணும்?”

“பொங்கலுக்கு டிவியில போடுற மாதிரி உங்க பட்டிமன்றம் ஒண்ணு வச்சு நானூறு பேரை உட்கார வைக்கிறோம். அதுல நாப்பது பேருக்கு நகர்ந்தாப் போதும். ஆட்சியர் கையெழுத்துப் போட்டுருவாக. ரேஷன் கார்டு, மில்லுக்குப் பின்னால குடும்பத்துக்கு ரெண்டு சென்ட், எல்லாம் ரெடியா இருக்கு.”

“நகரலேன்னா?”

“வடக்க ஒரு முகாம் இருக்கு. பொங்கல் கழிச்சு பஸ் வந்துரும்.”

தலைப்பு என்ன என்று கேட்டேன். அதை நான்தான் சொல்ல வேண்டும் என்றார். “இவங்கள வச்சுக்கலாமா வேணாமான்னு நேரடியாக் கேட்டா அடிதடி ஆயிரும்மா. பெருசா, பொதுவா, மனசைத் தொடுற மாதிரி ஏதாவது…”

“அப்படியென்றால் மனிதநேயம்தான்” என்றேன். யோசிக்கக்கூட இல்லை. கைவசம் இருந்த சரக்கு அது.

பொங்கல் நிகழ்ச்சியை மார்கழியிலேயே படம் பிடித்துவிடுவார்கள். ஊர்க் கல்யாண மண்டபத்தின் தூண்களில் எங்கிருந்தோ கொண்டுவந்த கரும்பைக் கட்டியிருந்தார்கள். காலை எட்டரைக்கே கூட்டம் வந்துவிட்டது. மணமகள் அறையில் கணினிகளைப் பரப்பிக்கொண்டு ஜெஸிந்தா என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். மானிக்குப் பொறுப்பு அவள்தான். முப்பது வயதுக்குள் இருக்கும், கண்ணுக்குக் கீழே மட்டும் ஐம்பது.

உள்ளங்கையில் ஒன்றை எடுத்துக் காட்டினாள். மிளகு அளவில் கறுப்பாக ஒரு வட்டம்.

“அரசாங்கத்துல இதுக்கு மனநகர்வுமானின்னு பேரு மேடம். அந்தப் பேரைச் சொன்னா யாரும் கிட்ட விடமாட்டாங்க. திருஷ்டிப் பொட்டுன்னு சொன்னா உடனே காதைக் காட்டுறாங்க.”

“கைதட்டினா இதுல தெரியுமா?”

“தெரியும். ஆனா கணக்குல வராது. கைதட்டு, சிரிப்பு, அழுகை எல்லாம் அலை. நான் தூத்துக்குடிக்காரி மேடம், எங்க தெருவும் பாதி தண்ணிக்குள்ளதான். அலை நாள் பூரா அடிக்கும். கரை நகர்ந்துச்சாங்கறதுதான் விஷயம்.”

“அதை எப்படிக் கண்டுபிடிப்பே?”

“உள்ள வரும்போது காதுல ஒரே ஒரு கேள்வி கேட்போம். வெள்ளாங்கரை ஆளுங்க இங்க இருக்கணுமா, போகணுமா? வாயால பதில் சொல்ல வேண்டாம். கேள்வியைக் கேட்டதும் மனசு தானா ஒரு பக்கம் சாயும், பொட்டு அதை எடுத்துக்கும். வெளிய போகும்போது மறுபடி அதே கேள்வி. நடுவுல மாறினா எந்த நிமிஷத்துல மாறுச்சுன்னும் தெரிஞ்சிரும்.”

“எனக்கும் ஒண்ணு ஒட்டு, பார்ப்போம்.”

“நடுவருக்குப் பொட்டு கிடையாது மேடம். நீங்க எந்தப் பக்கமும் சேராதவங்கன்னு விதியிலேயே இருக்கு.”

“என் வீட்டுக்காரர் போனதிலிருந்தே எனக்குப் பொட்டு கிடையாது” என்றேன். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் விழித்தாள். பட்டிமன்றக்காரிக்கு வாய் சும்மா இருக்காது.

மேடைக்குப் பின்னால் தொண்டைக்கு வெந்நீர் கேட்டேன். கொண்டுவந்தவள் மில்லில் இருந்து வந்த பெண். அன்றைக்குத் தேநீர் கொடுக்கவும் பாத்திரம் கழுவவும் அங்கிருந்து ஐந்தாறு பேரை வரச் சொல்லியிருந்தார்கள். நாற்பது வயது இருக்கலாம், ஒல்லியான உடம்பு. டம்ளரைக் கொடுத்துவிட்டுப் போகாமல் என் முகத்தைப் பார்த்தபடி நின்றாள்.

“பேர் என்னம்மா?”

“பிரகாசி.”

“ஏதாவது சொல்லணுமா?”

“நல்லாப் பேசுங்கம்மா” என்றாள். “எம்மவ மெர்லின் இங்கதான் பன்னெண்டாப்பு படிக்கா. மார்ச்சுல பரீச்ச. இப்பப் போயி பஸ்ல ஏத்தினா எந்தப் பள்ளிக்கூடத்துல சேப்பாவ?”

“எல்லாம் நல்லபடியா நடக்கும்” என்றேன். வெந்நீர் பதமான சூட்டில் இருந்தது.

நிகழ்ச்சி தொடங்கும் நேரத்தில் படப்பிடிப்பு இயக்குநர் கத்த ஆரம்பித்தார். ஏழாம் வரிசையில் ஒரு நாற்காலி காலி. உரக்கடை கிருஷ்ணசாமி வரவில்லை. பட்டிமன்றத்தில் பேச்சாளர் வராவிட்டால்கூடச் சமாளித்துவிடலாம், கேமராவுக்குக் காலி நாற்காலி மட்டும் ஆகவே ஆகாது. “அந்தம்மாவ உட்கார வைங்கப்பா!” என்று தேநீர்த் தட்டோடு போய்க்கொண்டிருந்த பிரகாசியைக் காட்டினார். தட்டைப் பிடுங்கி வைத்தார்கள், உட்கார வைத்தார்கள், வரிசையில் எல்லாருக்கும் செய்ததுபோல அவளுக்கும் காதுக்குப் பின்னால் ஒட்டி, அந்தக் கேள்வியையும் கேட்டார்கள். மேடையிலிருந்து நான் அதைப் பார்த்தேன். யாருக்கும் அதில் தவறாக எதுவும் தோன்றவில்லை.

வளர்கிறது அணிக்குக் கோமதிநாயகம் தலைவர். கணீரென்ற குரல். “வெள்ளாங்கரை மக்கள் கண்ணீரோடு வந்து இறங்கிய அன்று அவர்களுக்குப் பொங்கிப் போட்டது யார்? அரசாங்கமா? இல்லை! இந்தக் கரிசல்நத்தம்!” என்றார். மண்டபம் அதிர்ந்தது.

உண்மைதான். பதினோரு நாள் பொங்கிப் போட்டோம். பன்னிரண்டாம் நாள், அவர்களுடைய தண்ணீர் லாரி எங்கள் தெரு வழியாகப் போகக்கூடாது என்று மனு எழுதினோம். அந்த மனுவைத் திருத்திக் கொடுத்தது நான்தான். நிறைய ஒற்றுப்பிழை இருந்தது.

தேய்கிறது அணிக்கு இருளப்பன். இருபது வருடமாக என்னோடு மேடை ஏறுகிறவர். சிரிக்க வைத்து அழ வைப்பதில் மன்னன். மில் வாசலில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொன்னார். அடைமழை. உள்ளே பஞ்சுக் கிடங்கில் ஒருத்திக்குப் பிரசவ வலி. புருஷன் ரோட்டில் நின்று ஆட்டோக்களுக்குக் கை காட்டுகிறான். “எட்டு ஆட்டோ நிற்காமல் போனது ஐயா! ஒன்பதாவது நின்றது. ஏன் நின்றது? இரக்கத்திலா? டயர் பஞ்சர்!” கூட்டம் வாய்விட்டுச் சிரித்தது. இருளப்பன் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “பிள்ளை பிழைத்தது. தாய் பிழைக்கவில்லை” என்றார்.

சேலைத் தலைப்புகள் கண்ணுக்குப் போயின. மூன்றாம் வரிசையில் ஆட்டோ சங்கச் செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாற்பது என்ன, நூறு பேர் நகர்ந்திருப்பார்கள் என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷத்தில்தான் தீர்ப்புச் சொல்ல எழுந்தேன்.

“தேய்வதும் வளர்வதும் நிலவுக்குண்டு. ஆனால் எவ்வளவு தேய்ந்தாலும் நிலவு வானத்தை விட்டுப் போவதில்லை” என்று தொடங்கினேன். முப்பத்தோரு முறை சொன்னதுதான், ஒவ்வொரு முறையும் கைதட்டல் வாங்கும். பிறகு குரலை உயர்த்தினேன். “இருளப்பன் சொன்ன அந்தத் தாய்க்காக நீங்கள் அழுதீர்களே, அந்தக் கண்ணீரே சாட்சி! கவலைப்படாதீர்கள். மனிதநேயம் இந்த ஊரில் பத்திரமாக இருக்கிறது. அது வளர்ந்துகொண்டேதான் இருக்கிறது என்று தீர்ப்பளித்து, வாய்ப்புக்கு நன்றி கூறி அமர்கிறேன்.”

என் வாழ்க்கையில் நான் வாங்கிய மிக நீண்ட கைதட்டல் அது. எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். எல்லாரும் என்றால், நான் பார்த்தவரைக்கும்.

பந்தியில் இருளப்பன் என் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். “நல்லா வந்துச்சுல்லக்கா?” என்றார்.

“இவங்க மாறுவாங்கன்னு நினைக்கிறீங்களா இருளப்பன்?”

அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் கலந்துகொண்டே சிரித்தார். “அதெல்லாம் மாறாதுக்கா. ஆனா ஜனம் அழுதுச்சுல்ல. நம்ம வேலை அதோட முடிஞ்சது.” அவருக்குச் சாயங்காலம் சிவகாசியில் இன்னொரு மேடை இருந்தது. பாயசத்துக்குக்கூட நிற்காமல் கிளம்பிவிட்டார்.

கை கழுவிவிட்டு மணமகள் அறைக்குப் போனேன். ஜெஸிந்தா சாப்பிடாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எத்தனை?”

“ஒண்ணு மேடம்.”

“நூத்துக்கு ஒண்ணா?”

“மொத்தமே ஒண்ணு.”

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். “அத்தனை பேர் அழுதாங்களே!”

“அழுதாங்க. இதோ பாருங்க.” திரையில் ஒரு கோடு மலைபோல ஏறி இறங்கியது. “ஆட்டோ கதை. எனக்குத் தெரிஞ்சு இவ்வளவு பெரிய அலை எந்த ஊர்லயும் வந்ததில்ல. ஆனா கீழே இருக்கற கோட்டைப் பாருங்க. அசையவே இல்ல. போகணும்னு வந்தவங்க போகணும்னே வெளியே போயிருக்காங்க. என்ன ஒண்ணு, உள்ள வரும்போது கொஞ்சம் உறுத்தலோட வந்தாங்க. அழுது முடிச்சதும் அந்த உறுத்தலும் போயிருச்சு. ரொம்ப நிம்மதியாத்தான் சாப்பிடப் போனாங்க.”

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் அவளிடம் காட்டினேன். “உன் மிஷினுக்குக் கோளாறு.”

அவள் கோபப்படவில்லை. இதை அவள் நிறைய முறை கேட்டிருக்க வேண்டும். “அறுபது ஊர் பார்த்துட்டேன் மேடம். ஒரே ஒரு ஊர்லதான் நாப்பது தாண்டுச்சு.”

“அங்கே யார் நடுவர்?”

“நடுவரே இல்ல. மைக் வேலை செய்யல. சரிபண்ண மூணு மணி நேரம் ஆச்சு. அதுவரைக்கும் ஜனங்க சும்மா உட்கார்ந்து பக்கத்துல இருந்தவங்களோட பேசிக்கிட்டு இருந்தாங்க. அகதிங்களும் ஊர்க்காரங்களும் கலந்து உட்கார்ந்திருந்தாங்க போல. மைக் வந்ததும் நிகழ்ச்சி நடந்துச்சு. நகர்வெல்லாம் அதுக்கு முன்னாடியே முடிஞ்சிருச்சு.”

நாற்பது வருடம் மைக் பிடித்தவளிடம் சொல்கிற செய்தியா இது.

“அந்த ஒருத்தராவது நகர்ந்தாரே” என்றேன்.

ஜெஸிந்தா திரையை என் பக்கம் திருப்பாமல் தன் பக்கமே வைத்துக்கொண்டாள். “அது இந்தப் பக்கம் நகரல மேடம். உள்ள வரும்போது இருக்கணும்னு அவ்வளவு உறுதியா வந்தாங்க. வெளிய போகும்போது போகணும்னு ஆயிருச்சு. ஏழாம் வரிசை, பன்னிரண்டாம் நாற்காலி. கிருஷ்ணசாமி, உரக்கடைன்னு பதிவாகியிருக்கு.”

“அது கிருஷ்ணசாமி இல்லை.”

“எனக்கும் தெரியும். வீடியோவுல பார்த்தேன்.”

“எங்கே மாறிச்சு? ஆட்டோ கதையிலயா?”

“இல்ல. ஆட்டோ கதைக்கு அவங்க அசையல. அழவும் இல்ல. பதினொண்ணே முக்காலுக்கு மாறிச்சு. ஒரே வாக்கியத்துல.” அவள் ஏதோ ஒன்றைத் தட்டினாள். அறைக்குள் என் குரல் கேட்டது. மனிதநேயம் இந்த ஊரில் பத்திரமாக இருக்கிறது. அதைத் தொடர்ந்து கைதட்டல். அது ஓயவே மாட்டேன் என்றது. அவளே நிறுத்தினாள்.

“அவங்க ஊர்க்காரங்க இல்ல. அதனால இந்தப் பதிவு செல்லாது. எடுத்துட்டு பூஜ்யம்னு அனுப்பிடறேன்” என்றாள்.

மண்டபத்தின் பின்புறம் குழாயடியில் பிரகாசி தேநீர் டிரம்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். மற்றப் பெண்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழப் போனாள். உட்காரச் சொன்னேன். நானும் அங்கிருந்த கல்லில் உட்கார்ந்தேன். முழங்கால் முனகியது.

“பிரகாசி, நான் தப்பா ஏதாவது சொல்லிட்டேனா?”

“இல்லியம்மா. நல்லாத்தான பேசினிய. எல்லாரும் கை தட்டினாவளே.”

“போயிரலாம்னு முடிவு பண்ணிட்டீங்களாமே.”

அவள் காதுக்குப் பின்னால் தொட்டுப் பார்த்தாள். பொட்டை எப்போதோ எடுத்துவிட்டார்கள். “அது சொல்லிட்டோ” என்றாள். டிரம்முக்குள் தண்ணீரைச் சுழற்றிக் கொட்டினாள்.

“எங்கள வையுதாவன்னா நின்னு மறுக்காக் கேக்கலாம்மா. வெரட்டுதாவன்னா கால்ல விழலாம். நாம நல்லவியன்னு அவியளே இம்புட்டு சந்தோசமா நெனச்சுக்கிட்டாவன்னா, அதுக்கு மேல யாருகிட்ட போயி என்னத்தக் கேக்கது?”

வீணாக ஓடிக்கொண்டிருந்த குழாயை எட்டி மூடினேன்.

“ஒங்க வீட்டுக்கும் வந்திருக்கேன்மா” என்றாள். குற்றம் சாட்டுகிற குரலில் அல்ல. தெரிந்தவர்களிடம் ஞாபகப்படுத்துவதுபோலச் சொன்னாள். “போன ஆடியில. மாடி காலியாக் கெடக்குன்னு பால்காரரு சொன்னாரு. மில்லுல ஆறு மணிக்கு மேல கரண்டு கெடையாதுல்லா, பிள்ள படிக்க லைட்டு வேணுமேன்னு வந்து கேட்டேன். மகன் வாரான்னு சொன்னிய. வந்துட்டாவளா?”

பின்னால் வரும் என்று சொன்னேனே, அது இதுதான். என் வீட்டுக்கு மாடி உண்டு. இரண்டு அறை, ஒரு சமையலறை, தனிப் படி. நாலு வருடமாகப் பூட்டிக்கிடக்கிறது. மகன் நார்வேயில் குடியுரிமை வாங்கிவிட்டான், வரப்போவதில்லை. மாடியை நான் யாருக்கும் கொடுக்காததற்குக் காரணம் அவன் அல்ல, மீன். எங்கள் வீடு மூன்று தலைமுறையாகச் சைவம். கேட்டில் வந்து நின்றவள் வெள்ளாங்கரைக்காரி என்று சொன்னதுமே என் மூக்கு முடிவெடுத்துவிட்டது. பொய் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. மனிதகுலத்தைப் பற்றி நாற்பது நிமிடம் பேசி ஒரு தீர்ப்புக்கு வருகிறவள், கேட்டருகே நின்ற ஒருத்தியின் கேள்விக்கு அவ்வளவு சுருக்கமாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். அவள் முகம்கூட எனக்கு நினைவில்லை. அன்று காலையில் வெந்நீர் கொடுத்துவிட்டு அவள் எதற்காக என்னையே பார்த்தாள் என்று இப்போது புரிந்தது.

“வரல” என்றேன்.

பிரகாசி கையைச் சேலையில் துடைத்தாள். “பரீச்ச முடியிற வரைக்கும் மெர்லின மட்டும் வச்சுக்கிடுவியளா? நாங்க எல்லாரும் பஸ்ஸுல போயிருதோம். அவ ஒரு தொந்தரவும் பண்ண மாட்டா.”

“யோசிச்சுச் சொல்றேன்.”

வாய் தானாகச் சொல்லிவிட்டது. தமிழில் இதற்கு என்ன பொருள் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். “சரிம்மா” என்றாள். இந்தப் பதிலை இந்த ஊரில் எத்தனை வாசலில் வாங்கியிருப்பாளோ. டிரம்மை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள்.

அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. மேடையில் வருகிற வெட்கம் அல்ல, அதற்குக் கைதட்டல் கிடைக்கும்.

“பிரகாசி!” என்று கூப்பிட்டேன். திரும்பினாள். நல்லதாக ஏதாவது சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “அவ மீன் இல்லாம சாப்பிடுவாளா?” என்றுதான் வந்தது.

பிரகாசிக்கு முகம் மலர்ந்துவிட்டது. இவ்வளவுதானா உங்கள் சங்கடம் என்பதுபோல. “மீனா? கடல விட்டு வந்து ஆறு வருசமாச்சும்மா. வாங்கித் திங்க எங்கள்ட்ட என்ன இருக்கு? அவளுக்கு அந்த ருசியே மறந்து போச்சு. நீங்க பயப்படாதிய.”

எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

“நாளைக்கே கூட்டிட்டு வாங்க” என்றேன்.

பொங்கலன்று நிகழ்ச்சி ஒளிபரப்பானது. நான் பார்க்கவில்லை. ஆனால் தெருவில் எல்லா வீட்டிலும் ஓடியதால் என் தீர்ப்பு நாலு சுவர் வழியாகவும் என் வீட்டுக்குள் வந்து விழுந்தது. அடுத்த வாரம் பத்துப் பஸ்கள் வந்தன. வழியனுப்ப ஊர்ப் பெரிய மனிதர்கள் போனார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பெட்ஷீட்டும் ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். சிலர் அழுதார்களாம். ஒன்றும் நகரவில்லை என்ற அறிக்கை ஆட்சியர் அலுவலகத்தில் ஏதோ ஒரு கோப்பில் இருக்கும்.

மெர்லின் மாடியில் இருக்கிறாள். இப்படி அடக்கமாக ஒரு பெண்ணை நான் பார்த்ததில்லை. பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது. கதவைச் சத்தமில்லாமல் சாத்துவாள். குழாயைச் சத்தமில்லாமல் திறப்பாள். மூன்று வாரமாக ரசம், தயிர்ச் சோறு, கத்தரிக்காய். வெங்காயம் வதக்கக்கூட என்னிடம் கேட்டாள். மீன் வாங்கிச் சமைத்துக்கொள்ளம்மா என்று இரண்டு முறை சொன்னேன். “பரவாயில்ல மிஸ்” என்று சிரித்துவிட்டு மேலே போய்விட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நானே சந்தைக்குப் போனேன். ஐஸ் பெட்டி வண்டிக்காரனிடம் எது கடல் மீன் என்று கேட்டேன். அவன் என்னைத் தெரிந்தவன். நம்ம டீச்சரம்மாவா என்று இரண்டு தடவை கேட்டான். கால் கிலோ சாளை. பையை ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு ஊர் பார்க்க நடந்து வந்து மாடிப்படியில் வைத்தேன். கையைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினேன்.

அரை மணி நேரத்தில் மேலே எண்ணெய் சடசடத்தது. வாடை வெளிப்படி இறங்கி, ஜன்னல் வழியாக வந்து கூடத்தை நிறைத்தது. சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். கதவு கொஞ்சம் வேகமாகவே மோதியது.

மேலே கரண்டிச் சத்தம் நின்றது.

“மிஸ்,” மெர்லின் மாடிப்படியின் உச்சியிலிருந்து குரல் கொடுத்தாள். “வாடை அடிக்குதா?”

“அடிக்குது” என்றேன். “அடுப்பை அணைச்சுராத.”